அக்கா கையால் ஒரு வாய்

அன்புச் சகோதர சகோதரிகளே, ஒரு வாய் தண்ணீரை விழுங்குவதற்கும் ஜெபம் செய்ய வேண்டியிருக்கும் என்று ஐம்பது வயது வரை எனக்குத் தெரியாது. சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபத்தை, குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டே எத்தனையோ தடவை சொல்லி முடித்திருக்கிறேன். உணவுக்காக நன்றி சொல்வோம். அதை விழுங்குகிற தொண்டைக்காக நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது, நான் பாட்டுக்கு இருந்தேன்.

என் பெயர் ரெஜினா. ஜோர்ஜ் டவுனில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பேன். என் கணவர் அந்தோணிக்கு மாக் மண்டினில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை. காலையில் மோட்டார் சைக்கிளோடு பெர்ரி ஏறிக் கடலைத் தாண்டிப் போவார், சாயங்காலம் அப்படியே திரும்பி வருவார். வந்ததும் ஒரு பெரிய கோப்பை நிறைய தேத்தண்ணி வேண்டும். அதை அவர் குடிக்கிற சத்தம் எங்கள் ப்ளாட்டில் மேல் வீட்டுக்காரருக்கும் கேட்கும். "மெதுவா குடிங்களேன், மானம் போவுது" என்பேன். "சத்தம் போட்டுக் குடிச்சாதான்லா உள்ள இறங்குது" என்று இன்னும் பலமாக உறிஞ்சுவார்.

போன நவம்பரில் ஒரு காலை. வேலைக்குக் கிளம்பிக் காலணி மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. ஓடிப்போய்ப் பிடித்தேன். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார், குளறலாகத்தான் வந்தது. என் மகள் ஷெரினும் கீழ்வீட்டுக்காரரும் தூக்கிக் காரில் ஏற்றினார்கள். நான் பின்சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பாதி அருள் நிறைந்த மரியே, பாதி "என்னங்க, என்னங்க" என்று கலந்து கட்டி ஏதேதோ சொல்லிக்கொண்டே போனேன்.

பக்கவாதம் என்றார்கள். வலது கை விழுந்துவிட்டது, வலது கால் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இதையெல்லாம் நான் கேள்விப்பட்டிருந்தேன். கேள்விப்படாத ஒன்றை டாக்டர் கடைசியாகச் சொன்னார். அவரால் விழுங்க முடியாது. எச்சிலைக்கூட விழுங்கத் தொண்டை மறந்துவிட்டது. எது கொடுத்தாலும் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். மூக்கு வழியாக ஒரு குழாயைச் செருகி, அதில் பாலைப்போல ஏதோ ஊற்றினார்கள். கட்டிலுக்கு மேலே, வாய் வழியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்று பெரிய எழுத்தில் மாட்டிவைத்தார்கள்.

இங்கே செசிலி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் அக்கா. ஜுருவில் தனியாக இருக்கிறார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய் சின்ன வயதிலேயே இறந்துபோக, தம்பியைக் குளிப்பாட்டிச் சோறூட்டி ஆளாக்கியவர் அவர்தான். முகத்தில் பாதியை மறைக்கிற பெரிய மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார். ஒவ்வொரு கிறிஸ்மஸ் காலையிலும் பூசை முடிந்து நாங்கள் எல்லாரும் அவர் வீட்டுக்குத்தான் போவோம். ஆப்பம் சுட்டு, தேங்காய்ப்பாலில் நனைத்து, முதல் வாயை அவரே தன் கையால் ஒவ்வொருவருக்கும் ஊட்டுவார். தலை நரைத்த என் கணவரும் வாயைத் திறந்துகொண்டு நிற்பார். எனக்கும் ஒரு வாய் உண்டு. அக்கா ஊட்டாமல் எங்கள் வீட்டில் யாரும் கிறிஸ்மஸ் சாப்பாட்டில் கை வைத்ததில்லை.

அந்த அக்கா டிசம்பர் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் வேலையிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. நான் வார்டுக்குள் நுழையும்போது என் கணவர் முகம் நீலம் பாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். நர்ஸ்கள் ஓடிவந்து குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். அக்கா சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். கையில் ஒரு ஸ்பூன், இன்னொரு கையில் மாதா உருவம் போட்ட பிளாஸ்டிக் போத்தல். திருத்தலத்திலிருந்து கொண்டுவந்த தீர்த்தம்.

"அக்கா, மேல எழுதிப் போட்டிருக்கே, பாக்கலையா?"

"பாத்தேன் ரெஜினா. சாப்பாடு குடுக்கக்கூடாதுன்னுதானே? பூசையில நன்மை அப்பம் வாங்குறதுக்கு முன்ன நம்ம ஒண்ணுமே சாப்பிடக்கூடாது, ஆனா தண்ணி குடிக்கலாம்லா. இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன். தீர்த்தம்தானே…"

வாழ்நாள் முழுக்க ஒருசந்தி பிடித்த மனுஷி. தண்ணீர் குடித்தால் உபவாசம் முறியாது என்பதுதான் அவருக்குத் தெரிந்த சட்டம். அது எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ளும் நிலையிலும் நான் இல்லை. "இனிமே இங்க வராதீங்க" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். அக்கா போத்தலை மூடினார். ஸ்பூனையும் போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே காய்ச்சல் ஏறியது. மறுநாள் நுரையீரலில் சளிக்காய்ச்சல் என்றார்கள். முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார்கள். அதை மாட்டியும் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டும். "மருந்து கொடுக்கிறோம், ஆனால் உறுதி சொல்ல முடியாது" என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய? பார்வையாளர் நேரம் முடிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். வெளியே போய் நின்றுகொண்டு அடுத்த பார்வையாளர் நேரத்துக்குக் காத்திருப்பேன். கையில் பிடிக்க ஒன்றும் இல்லை, செய்வதற்கு ஒன்றும் இல்லை.

ஊரெல்லாம் கிறிஸ்மஸ் வந்துகொண்டிருந்தது. கிளினிக்கில் கவுண்டரைச் சுற்றி மினுமினு விளக்கு போட்டார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வழக்கம்போல எனக்காக பிஸ்கட் செய்து டப்பாவில் கொண்டுவந்தார். வாங்கி வைத்தேன். ஒன்றை எடுத்து வாயில் போட்டதும் அழுகை வந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக உள்ளே போகிறதே! கடிக்கிறேன், விழுங்குகிறேன், அடுத்ததை எடுக்கிறேன். அந்த மனுஷர் அங்கே ஒரு சொட்டு எச்சிலுக்குப் போராடிக்கொண்டிருக்கிறார்.

நான் ஜெபிக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஜெபித்தேன். முதல் வாரத்தில், அவர் எழுந்து நடக்க வேண்டும், பழையபடி பெர்ரி ஏற வேண்டும் என்று ஆண்டவருக்கு உத்தரவு போடுவதுபோல் கேட்டேன். அப்புறம், பேச்சு மட்டுமாவது கொடும் என்றேன். முகமூடி போட்ட பிறகு, உயிரை மட்டும் விட்டுவையும் என்றேன். அதற்கப்புறம் கேட்கவே வாய் வரவில்லை. ஜெபமாலையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் கார்கள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மணியும் உருட்டியதில்லை. பாதர் வந்து நோயில்பூசுதல் கொடுத்தபோதுகூட "ஆமென்" என்று ஷெரின்தான் சொன்னாள். என் மனதுக்குள் அக்கா மேல் இருந்த கோபம் மட்டும் அணையாத அடுப்பாக எரிந்தது.

ஒருநாள் காலை, அவர் முகத்தைத் துடைத்துவிடும்போது, என்னையும் அறியாமல் "உம்மால் முடிந்ததைச் செய்யும் ஆண்டவரே, எனக்கு ஒன்றும் முடியவில்லை" என்றேன். அவ்வளவுதான். அதை ஜெபம் என்றுகூட நான் நினைக்கவில்லை, அலுப்பில் சொன்னது. அன்று மத்தியானம் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மறுநாள் இன்னும் இறங்கியது. மருந்து வேலை செய்கிறது என்றார் டாக்டர். செய்யட்டும், அதையும் ஆண்டவர்தானே செய்ய வைத்தார்? கொஞ்ச நாளில் முகமூடியைக் கழற்றிவிட்டார்கள்.

கண் விழித்துத் தெளிந்ததும் என் கணவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? நல்ல கையைத் தூக்கி, விரலை வட்டமாக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பெரிய கண்ணாடி. சின்ன வயதிலிருந்து அக்காவைக் கேலி செய்ய அவர் காட்டுகிற சைகை. அக்கா எங்கே என்று கேட்கிறார்.

"வருவாங்க" என்றேன். மறுநாளும் வட்டம் காட்டினார். அதற்கு மறுநாளும் காட்டினார். ஷெரின் என்னையே பார்த்தாள். "அம்மா, நான் அத்தைய கூட்டிட்டு வரட்டா?" நான் காதில் விழாததுபோல் போர்வையை மடித்தேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், விழுங்குவதைச் சோதிக்கிற தெரபிஸ்ட் வந்தாள். இளம்பெண், தமிழ்ப்பிள்ளை. அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, தண்ணீரில் ஒரு தூளைக் கலந்து கெட்டியாக்கி, ஒரு சின்ன ஸ்பூனில் எடுத்தாள். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டாள். "அங்கிள், தாடைய கீழ எறக்கி முழுங்குங்க." நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆண்டவரிடம் கெஞ்சக்கூட எனக்குத் தோன்றவில்லை. தொண்டை அசையவில்லை. அசையவில்லை. அப்புறம் மெல்ல ஏறி இறங்கியது. அவள் காத்திருந்தாள், இருமல் வரவில்லை. "இப்ப 'ஆ' சொல்லுங்க." கரகரப்பாக ஓர் "ஆ" வந்தது. தண்ணீர் தொண்டையில் தேங்கி நின்றிருந்தால் குரல் கொழகொழவென்று இருக்குமாம். இது காய்ந்த, சுத்தமான "ஆ". ஒரு மாதத்துக்கு மேல் கழித்து நான் கேட்ட என் கணவரின் குரல் அது.

"நாள் ஒண்ணுக்கு சில ஸ்பூன் மட்டும் ஆன்ட்டி. குழாய் இருக்கட்டும்."

"நாளைக்கு கிறிஸ்மஸ். ஆப்பம் குடுக்கலாமாம்மா?"

அவள் சிரித்தாள். "அப்படியே குடுக்கக்கூடாது. தேங்காப்பால்ல போட்டு நல்லா பிளெண்டர்ல அடிச்சு, கட்டியே இல்லாம வடிகட்டி, இந்தத் தூளையும் கலந்து கெட்டியான பூபோர் கஞ்சி மாதிரி கொண்டாங்க. ஒவ்வொரு வாய்க்கும் 'ஆ' சொல்லச் சொல்லுங்க."

வராந்தாவுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். ஆப்பம் வேண்டுமென்றால் நானே சுடலாம். ஆனால் அவர் காட்டும் அந்த வட்டத்துக்கு நான் பதிலாக முடியாதே.

"அக்கா, நாளைக்கு ஆப்பம் சுடணும். அவர் முழுங்குறாரு."

"நீயே சுடும்மா. என் கையால ஒண்ணும் வேணாம். அவனுக்கு இந்தக் கை ஆகாது" என்றார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது: தீர்த்தம் கொடுத்த அந்த நாளிலிருந்து கஞ்சியைத் தவிர வேறெதுவும் சாப்பிடாமல் ஒருசந்தி இருந்திருக்கிறார். இங்கே ஒருத்தர் விழுங்க முடியாமல், அங்கே ஒருத்தர் விழுங்க மாட்டாமல். நடுவில் நான் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, கோபத்தை மட்டும் விழுங்காமல் இருந்திருக்கிறேன்.

"அக்கா, அவர் தினமும் கண்ணாடி காட்டுறாரு. நான் என்னான்னு சொல்றது?"

போனில் அழுகைச் சத்தம்தான் கேட்டது.

கிறிஸ்மஸ் காலைப் பூசைக்கு நானும் ஷெரினும் போனோம். நன்மை வாங்க வரிசையில் போனவர்களின் முகத்தை நான் பார்க்கவில்லை, தொண்டையைத்தான் பார்த்தேன். பெரியவர், சின்னவர், எல்லார் தொண்டையும் ஏறி இறங்கின. யாருக்கும் அது பெரிய விஷயமாக இல்லை. எத்தனை பேர் வீட்டில் எத்தனை வேளை இது நடக்கிறது! நான் வாங்கியபோது விழுங்க முடியாமல் அழுதேன், அப்புறம் விழுங்கினேன்.

ஷெரின் ஜுருவுக்குப் போய் அத்தையைக் கூட்டிவந்தாள். மத்தியானப் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் அக்கா வார்டு வாசலில் நின்றார். இளைத்துப் போயிருந்தார், கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. கையில் ப்ளாஸ்க்; ஷெரின் சொன்னபடி அடித்து வடிகட்டிய ஆப்பம் அதில். என் கணவர் பார்த்தார். விரலை வட்டமாக்கிக் கண்ணில் வைத்தார். இழுத்த வாயோடு சிரித்தார்.

நான் ஆப்பக் கஞ்சியைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, ஸ்பூனை அக்காவிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீ குடும்மா."

"முதல் வாய் என்னைக்கு நான் குடுத்திருக்கேன்? நீங்கதான்லா குடுப்பீங்க."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்து ஸ்பூனை வைத்தேன். அந்தக் கையை என் கையால் தாங்கிக்கொண்டேன். என் கணவர் வாயைத் திறந்தார், ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் திறப்பதுபோல. ஸ்பூன் உள்ளே போனது. தாடையைத் தாழ்த்தினார். நாங்கள் மூன்று பெண்களும் மூச்சுவிடவில்லை. எதிர்க்கட்டில் சீனக்கிழவரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை ஏறி இறங்கியது. காத்திருந்தோம். இருமல் இல்லை.

"'ஆ' சொல்லுப்பா" என்றாள் ஷெரின்.

"ஆ" என்றார். சுத்தமான ஆ. சொல்லிவிட்டு வாயை மூடாமல் அப்படியே அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு வாய் வேண்டுமாம்.

அதற்குப் பிறகு அக்கா எனக்கும் ஒரு வாய் கொடுத்தார், ஷெரினுக்கும் கொடுத்தார். மிச்சமிருந்ததை நான் அக்காவுக்கு ஊட்டி ஒருசந்தியை முடித்துவைத்தேன். தூள் கலந்த ஆப்பம், சகிக்காத சுவை. இதைவிட நல்ல கிறிஸ்மஸ் சாப்பாட்டை நான் சாப்பிட்டதில்லை.

இன்று என் கணவர் வீட்டில் இருக்கிறார். முழுதாகக் குணமாகிவிட்டார் என்று பொய் சொல்ல மாட்டேன். வலது கை இன்னும் மடியில்தான் கிடக்கிறது, பேச்சு ஒன்றிரண்டு சொல்தான். ஆனால் மூக்குக் குழாய் போய்விட்டது. சாயங்காலம் தூள் கலந்த தேத்தண்ணியை அவரே இடது கையால் எடுத்துக் குடிக்கிறார். கெட்டியாக இருப்பதால் சத்தம் முன்னைவிட மோசம். நான் அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் கேட்டதில் பெரியவற்றை ஆண்டவர் இன்னும் தரவில்லை. கேட்கத் தெரியாமல் சும்மா நின்றபோது, ஒரு வாய் தந்தார். அதோடு அக்காவையும் திருப்பித் தந்தார்.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது இன்று என்னைப்போல் கையாலாகாமல் நிற்கலாம். ஜெபிக்கவும் வார்த்தை வராமல் இருக்கலாம். வராவிட்டால் பரவாயில்லை, முடியவில்லை என்று மட்டும் ஆண்டவரிடம் சொல்லுங்கள். அதுவும் அவர் காதில் விழுகிறது. மற்றவர்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். வீட்டுக்குப் போனதும் ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்து ஒரு வாய் குடியுங்கள். குடித்துவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். இருமல் வராது. அப்போது வாயைத் திறந்து "ஆ" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இப்போது சாப்பாட்டு ஜெபம் அதுதான்.