குறை எழுதும் நோட்டு

வாத்தியார் வேலைக்காகப் பி.டி. படித்த அந்த வருஷத்தில் நான் புத்தகத்தைப் பார்த்ததைவிட கூடப் படித்த ஒருவனைப் பார்த்ததுதான் அதிகம். பம்பாய் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரன். காலையில் காப்பியோடு இங்கிலீஷ் பேப்பர் வருகிற வீடு. நான் தாராவி. அப்பாவுக்குத் தோல் கிடங்கில் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்தான்.

“பி.ஏ. முடிச்சாச்சுல்லா? பிள்ளையளுக்குச் சொல்லிக்கொடுக்க இன்னும் என்னலே படிப்பு?” என்பார் அப்பா.

சின்னக் கல்லூரி, மொத்தம் பதினெட்டுப் பேர். பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் பயிற்சி வகுப்பு. ஒருவன் பாடம் நடத்தும்போது மற்றவர்கள் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, அவனுடைய நோட்டில் குறைகளை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பள்ளியில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. தேர்வுப் பாடத்தை எவன் நன்றாக நடத்துகிறானோ அவனுக்குத்தான் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார்.

அவன் நுழைந்தாலே பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நான் வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய்ச் சொன்ன வேடிக்கைக்கு ஒருவனும் சிரிக்கவில்லை. அவன் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்ததற்கே வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது. நோட்டில் எழுதித் தீர்த்தேன். கரும்பலகையைப் பார்த்தே பேசுகிறார். கேள்வி கேட்ட மூச்சிலேயே பதிலையும் சொல்லிவிடுகிறார். பையன் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார். எல்லாம் உண்மைதான், ஆனால் உண்மைக்காக எழுதவில்லை.

என் நோட்டில் அவன் எழுதுவது எப்போதும் ஒரே வரி: ‘நன்றாக இருந்தது.’ என்னை அவன் போட்டியாகவே நினைக்கவில்லை என்று அதற்கும் எரிந்தேன்.

தேர்வு நாளில் முதலில் அவன். வகுப்பைப் பார்த்துப் பேசினான். கேள்வி கேட்டுவிட்டுப் பொறுமையாக நின்றான். பையன்களின் பதிலைத் தொடவே இல்லை. நான் எழுதிய குறைகளை அவன் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

அடுத்து நான். பருவக்காற்றுப் பாடம். ஒரு சொல் தடுக்கவில்லை. முடிந்ததும் தேர்வாளர் கேட்டார்: “ஜன்னல் பக்கத்துப் பையன்களை ஒரு கேள்விகூடக் கேட்கலையே. எப்பவுமே இப்படித்தானா?”

எப்போதுமே அப்படித்தான். அவன் உட்காருவது வாசல் பக்கம். வருஷம் பூராவும் அவன் முகத்தைப் பார்த்தே நான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

வெளியே வந்ததும் அவனைப் பிடித்தேன். “நீரு பாத்திருப்பீருல்லா? ஏன்வே எழுதல?”

“பார்த்தேன்” என்றான். “நீங்க எழுதினதைப் படிச்சுட்டு எனக்கு நாலு நாள் சோறு எறங்கல்லே. அதை உங்களுக்கும் பண்ணுவானேன்னு விட்டுட்டேன்.”

வேலை அவனுக்குத்தான் கிடைத்தது. சேர்ந்த வாரம் கிங்ஸ் சர்க்கிளில் எதிரே வந்தான். “ஒரு நாள் வந்து என் கிளாஸ்ல உட்காரணும். நீங்க எழுதினாத்தான் எனக்கு உறைக்கும்.”

நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்கு நேரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.