அப்பா புத்தகத்தில் இருக்கும் மகள்

இன்று குழித்துறையில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்துக் கிறிஸ்தவப் புத்தகக் கடையில் அப்பாவின் படம் போட்ட புத்தகம் தெரிந்தது. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர் அப்பா. அவர் இறந்த பிறகு சபையார் எழுதிய வாழ்க்கை வரலாறு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கையில் எடுத்தேன். கடைக்கார அக்காவுக்கு என்னைத் தெரியாது.

"வாங்கிப் படி மோளே. குடும்பத்தையும் எப்பிடி பாத்திருக்காருண்ணு தெரியும்" என்று ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார்.

'எத்தனை கூட்டங்கள் இருந்தாலும், மாலைக் குடும்ப ஜெபத்தில் மகளைத் தம் மடியில் இருத்திக்கொள்வார்.'

குடும்ப ஜெபத்துக்கு அப்பா போகாத வீடு இந்தப் பக்கத்தில் கிடையாது, எங்கள் வீட்டைத் தவிர. அங்கே அம்மாவும் நானும் பாடி, அப்பாவுக்காகவும் நாங்களே ஜெபித்து முடிப்போம். அம்மா போனபின் நான் மட்டும் பாடுகிறேன்.

"அந்தப் பிள்ளை குடுத்து வச்சவளாக்கும்" என்றார் அக்கா.

"ஆமாக்கா" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பிள்ளையை யாராவது எங்கேயாவது பார்த்தால் என்னிடம் கூட்டி வாருங்கள். சாயங்காலம் பாடுவதற்கு இன்னொரு குரல் இருந்தால் நன்றாக இருக்கும்.