தட்டுக்கு வந்த உப்பு

வாலிநோக்கம் உப்பளத்தில் லாரிகளுக்கு எடை போடுவது என் வேலை. ஐம்பது வயதைத் தாண்டியிருந்த நேரம், வீடு வீடாக வந்து பரிசோதிக்கும் நர்ஸ் எங்கள் தெருவுக்கு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கையை நீட்டியதைப் பார்த்து நானும் நீட்டினேன். நர்ஸ் அளந்து பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்காரச் சொல்லி மறுபடியும் அளந்தார். பிரஷர் கூடுதலாக இருக்கிறது, டாக்டரைப் பாருங்கள் என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, படுத்தால் நன்றாகத் தூக்கமும் வருகிறது. ஒன்றுமே தெரியவில்லையே என்று கேட்டேன்.

"தெரியாதுண்ணே. அதுக்குத்தான அளந்து பாக்குறது," என்றார்.

அந்தப் பதில் மனதிலேயே கிடந்தது. என் உடம்பில் நடப்பது எனக்கே தெரியாது என்பது பயத்தைவிட ஆச்சரியத்தைத்தான் அதிகம் தந்தது. டாக்டர் இன்னும் சில தடவை அளந்து பார்த்த பிறகு மாத்திரை கொடுத்தார். தினமும் நடங்கள், உப்பைக் குறையுங்கள் என்றார். உப்பளத்துக் காற்றில் உதட்டில் படிகிறதே, அந்த உப்பும் இதில் சேருமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அதை விடுங்கள், அடுப்படியைப் போய்ப் பாருங்கள் என்றார்.

போய்ப் பார்த்தேன். நான் அங்கே வந்து நிற்பது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. வேவு பார்க்க வந்த மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தாள். ஆனால் அவள் குழம்பில் போட்ட உப்பு நான் நினைத்த அளவு இல்லை. அப்படியானால் மிச்சம் எங்கிருந்து வருகிறது? கருவாட்டில் இருந்தது. ஊறுகாயிலும் அப்பளத்திலும் மோர் மிளகாயிலும் இருந்தது. இதையெல்லாம் நான் கண்டுபிடித்த பெருமையோடு சொன்னபோது அவள் என் தட்டைக் காட்டினாள்.

"நீங்க ஒரு வாய் வைக்கிறதுக்கு முந்தியே உப்ப அள்ளித் தூவுறீக. ருசி பாத்து நான் கண்டதே இல்ல."

மறுநாள் சாப்பிட உட்கார்ந்ததும் என் கை தானாகவே உப்புக் கிண்ணத்துக்குப் போனது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றே கிண்ணத்தை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

முதலில் எதுவும் இறங்கவில்லை. மீன் குழம்பு வெந்நீர் மாதிரி இருந்தது. அவள் புளியையும் மிளகையும் சற்றுத் தூக்கலாக வைத்துப் பார்த்தாள், வறுத்த மீன்மேல் எலுமிச்சை பிழிந்தாள். கருவாடு எப்போதாவது என்று ஆனது. எனக்காக ஆரம்பித்ததை அவளும் சாப்பிட்டாள். எப்போது பழகியது என்று இருவருக்குமே தெரியவில்லை.

பழகிவிட்டது என்பதே கீழக்கரையில் நண்பர் வீட்டுக் கல்யாண விருந்தில்தான் தெரிந்தது. முதல் வாயிலேயே உப்புக் கரித்தது. சமையல்காரருக்குக் கை தவறிவிட்டது போலிருக்கிறது என்று சுற்றிலும் பார்த்தேன். எல்லாரும் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவியிடம் கேட்டேன். பெண்கள் பந்தியில் அவளும் தண்ணீரைக் குடித்துத்தான் சமாளித்திருக்கிறாள். நாமும் இதைத்தானே தின்றுகொண்டிருந்தோம் என்று இருவரும் பேசிக்கொண்டே வந்தோம்.

அடுத்த தடவை அளந்தபோது பிரஷர் இறங்கியிருந்தது. இனி மாத்திரை எதற்கு என்று கேட்டேன். நீங்களாக நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விடாமல் சாப்பிடுகிறேன்.

சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வரும் வழியில் ஒரு பேக்கரி இருக்கிறது. இனிப்பு பிஸ்கட்டில் உப்பு போடுவீர்களா என்று ஒருநாள் அங்கே கேட்டேன். போடாவிட்டால் இனிப்பு எடுபடாது என்றார் கடைக்காரர். அது எப்படி என்று கேட்டுக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.