பரம்பரைக் கொழுப்பு

வாழைக்குப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிவிட்டு வரம்பில் குந்தினாரென்றால், இராசநாயகத்தின் கைப் பெருவிரல் தானாகவே குதிக்காலின் பின்புறம் போய்விடும். அங்கே நரம்பின்மேல் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. நோவில்லை. உருட்டுவார், பெருமூச்சு விடுவார், மண்வெட்டியை எடுப்பார்.

நீர்வேலியில் அவரைப்போல எலும்புந்தோலுமான ஆளைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். மண்ணெண்ணெய்க்குத் தடை வந்து பம்பு நின்ற பிறகு கிணற்றுத் துலாவிலேதான் இறைப்பு. உடம்பில் எது ஒட்டும்? அந்த மனிதரிடம், கிளாலிக் கடலேரி கடந்து கொழும்புக்குப் போய்வந்த கனகசபாபதி, தேத்தண்ணிக் கடையில் நாலுபேர் கேட்கச் சொன்னார்: "நோர்வேயிலை இருக்கிற உம்மடை தம்பியோடை ரெலிபோனிலை கதைச்சனான். உங்கடை குடும்பத்துக்கே கொழுப்பாம். கட்டாயம் உம்மட்டைச் சொல்லச் சொன்னவன்."

கடையே சிரித்தது. இராசநாயகத்துக்கு முகம் கறுத்துப்போயிற்று. "காணிப் பங்கு குடுக்கேல்லை எண்டு பனிக்குள்ளை நிண்டு வசை பாடுறானோ? ஆருக்குக் கொழுப்பு?" பாதித் தேத்தண்ணியோடு எழும்பியவர், அந்த மாரி முழுக்கத் தம்பியின் பெயரையே எடுக்கவில்லை.

பிறகொருநாள் நெஞ்சு இறுக்கி ஆசுபத்திரிக்குப் போனார். டாக்குத்தர் நெஞ்சைவிடக் குதிக்காலைத்தான் அதிகம் பார்த்தார்.

"தகப்பன் எத்தினை வயசிலை போனவர்?"

"நாப்பத்திரண்டு. கிணத்தடியிலை விழுந்தவர்."

"இந்தக் கட்டி ரத்தத்திலை கூடின கொழுப்பு, அண்ணை. நெஞ்சை இறுக்கிறதும் அதுதான். பரம்பரையா வாறது. மெலிஞ்ச ஆளுக்கும் வரும்."

அட, தம்பி சொன்னது இதையா! கனகசபாபதியிடம் ஓடி மிச்சத்தையும் கேட்டார். அங்கே தம்பிக்குக் கொழுப்பைக் குறைக்க நாளாந்தம் குளிசை. பிள்ளைகளின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்து, மூத்தவனுக்கு உண்டு, இளையவளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். இங்கே சோதிக்க மருந்தில்லை, குளிசையும் இல்லை. "தேங்காய்ப்பாலைக் குறைச்சுக்கொள்ளுங்கோ" என்று மட்டும் டாக்குத்தர் சொன்னார், பாவம், தலையைக் குனிந்துகொண்டு.

அன்றிலிருந்து வீட்டில் பால்விடாத சொதி, வெறுந்தண்ணீர்தான். "எனக்கெண்டால் பரவாயில்லையப்பா, வாழ்ந்து களைச்சுப்போனன்," என்பார் மனைவி பூரணத்திடம். "பிள்ளைக்கு இருக்கோ இல்லையோ எண்டு ஆரிட்டைக் கேக்கிறது?"

பள்ளிக்கூடம் விட்டு வந்து மகள் அருந்ததி கிணற்றடியில் நின்றால், இவர் போய்க் குந்திவிடுவார். "காலைத் தா பிள்ளை. முள்ளு ஏதும் ஏறினதோ எண்டு பாப்பம்."

"உங்களுக்கு ஒவ்வொரு நாளும் முள்ளு!" என்று சிரிப்பாள்.

இன்றும் சிரித்தாள். அவரும் சிரித்தபடியே பெருவிரலைக் குதிக்கால் நரம்பின்மேல் ஓடவிட்டார். ஓரிடத்தில் விரல் நின்றது. கீழே போய்த் திரும்பி, அவ்விடத்துக்கே வந்து நின்றது.

"முள்ளோ, அப்பா?"

அவர் காலை விடவில்லை. மற்றக் கையால் செம்பை எடுத்துத் தண்ணீரை ஊற்றி, அந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவத் தொடங்கினார்.