முன்வரிசைக் கிளாரினெட்

பேண்டு வாத்தியம் காதால் கேட்பதற்கானது என்று யார் சொன்னது? எழுபதுகளின் கடைசியில், டெல்லியில் நான் படித்த பள்ளியில் அதைக் கண்ணால்தான் கேட்டார்கள்.

எங்கள் பேண்டுக்குப் பொறுப்பு பி.டி. மேடம். கழுத்தில் விசில், கையில் பிரம்பு, காதில் என்ன இருந்ததோ தெரியாது. அவருக்குத் தெரிந்த சங்கீதம் ஒன்றே ஒன்று: "குட்னா ஊப்பர்!" முட்டியைத் தூக்கு. தூக்கிய முட்டி இடுப்பு உயரத்துக்கு வர வேண்டும், இறங்கும் கால் புழுதி கிளப்ப வேண்டும். அப்படி மிதித்துக்கொண்டே கிளாரினெட் ஊதிப் பாருங்கள். ஒவ்வொரு மிதிக்கும் வாத்தியம் பல்லில் இடிக்கும், வயிறு குலுங்கும், நீளமாக வர வேண்டிய ஸ்வரம் விக்கல் எடுத்ததுபோல் துண்டு துண்டாக வரும். மேடம் அதைக் கேட்டுச் சந்தோஷமாகத் தலையாட்டுவார்.

எனக்கு அந்த விக்கல் பொறுக்கவில்லை. சனிக்கிழமை வாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பதால், மோதி பாக்கில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த சந்தில் வாராவாரம் ஊதிக்கொண்டே நடந்தேன். முட்டியைத் தளர்த்தி, குதிகாலை முதலில் வைத்து, பாதத்தை மெல்ல உருட்டி விரலுக்குக் கொண்டுபோனால் இடுப்புக்கு மேலே உடம்பு ஆடாது. தளும்பத் தளும்ப ஊற்றிய காப்பியை விருந்தாளிக்குக் கொண்டுபோகிற நடை. சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மூச்சில் ஒரே ஸ்வரம், துளி பிசகாமல் நின்றது. அந்த வயதில் அதைவிடப் பெரிய கர்வம் எனக்கு எதிலும் இல்லை.

மேடத்துக்கு அது பூனை நடையாகத் தெரிந்தது. வட்டாரப் பள்ளிகளின் அணிவகுப்புக்கு மந்திரி வருகிறார், திங்கட்கிழமை ஆள் எடுக்கப்போகிறேன், இப்படியே நடந்தால் உனக்கு இடமில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். என் ஸ்வரத்தை ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டால் மனம் மாறிவிடுவார் என்று நான் நம்பினேன். அந்த அளவுக்கு அசடு.

இந்த நேரத்தில்தான் அம்மா உள்ளே நுழைந்தாள். எங்கள் பள்ளியில் காலையில் பெண்கள், மதியம் ஆண்கள். கட்டடமும் பொது, வாத்தியங்களும் பொது. இதை ஞாயிற்றுக்கிழமை வாய் தவறி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். டம்ளர் உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கிற திருநெல்வேலிக் குடும்பம் நாங்கள். அம்மா பதறிப்போனாள்.

"எவன் எச்சியோ! அத வாயில வச்சிக்கிட்டா ஏட்டி இத்தன நாளும் அடுக்களைக்குள்ள வந்துக்கிட்டிருந்தே?"

நான் குளித்துவிட்டு வருவதற்குள் கிளாரினெட்டில் வாய் வைத்து ஊதும் கறுப்பு முனையைக் கழற்றி, மஞ்சள் போட்டுக் கொதிக்கிற வெந்நீரில் இறக்கியிருந்தாள். கெட்டி ரப்பரில் செய்தது அது. வெளியே எடுத்தபோது சாணிப் பச்சையாகி, கந்தக நாற்றமடித்து, ஒரு பக்கம் கோணியிருந்தது. ஊதினால் வெறும் காற்று. நான் ஓவென்று அழுதேன்.

"காஞ்சா எல்லாம் சரியாயிரும்," என்றாள் அம்மா, பூரண திருப்தியோடு.

பள்ளியில் மாற்று முனை கிடையாது. திங்கட்கிழமை அந்தக் கோணல் முனையோடுதான் வரிசையில் நின்றேன். காப்பாற்றுவதற்கு ஸ்வரம் என்று ஒன்று இல்லாதபோது கால் எப்படி விழுந்தால் என்ன? கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு, இருந்த ஆத்திரத்தையெல்லாம் தரையில் காட்டி மிதி மிதியென்று மிதித்தேன். முட்டி இடுப்பைத் தாண்டியது.

"ஷாபாஷ்!" என்று மேடம் ஓடி வந்தார். என்னைப் பிடித்து முன்வரிசையில் நிறுத்தினார். எல்லாரையும் என் காலைப் பார்க்கச் சொன்னார்.

"மேடம்ஜி, இஸ்மே ஆவாஸ் நஹீ ஆத்தி," என்றேன். இதில் சத்தமே வராது என்று ஊதியும் காட்டினேன்.

"தோ க்யா ஹுவா?" என்றார் மேடம். அதனால் என்ன, மந்திரி தூரத்தில்தானே உட்கார்ந்திருப்பார்.

அணிவகுப்பு நாளில், பார்க்க வந்திருந்த அப்பா அம்மா கண்ணெதிரே மைதானம் முழுக்க மிதித்துக்கொண்டு போனேன். என் இரண்டு பக்கமும் விக்கல், நடுவில் நான் வெறும் காற்று. மந்திரி கை தட்டினார், மேடத்துக்கு மாலை விழுந்தது. இவ்வளவு கேவலமான ஒரு காரியத்துக்கா இத்தனை மாதம் மூச்சைப் பிடித்தேன் என்று இருந்தது. வீட்டிலாவது யாராவது கேட்பார்கள், ஏன் உன் சத்தத்தைக் காணோம் என்று. அதற்காகவே சாயங்காலம் வரை வாயைத் திறக்காமல் காத்திருந்தேன்.

அப்பா பக்கத்து வீட்டு சர்மாஜியை நிறுத்திவைத்து இந்தியில் பெருமை அடித்துவிட்டு, உள்ளே வந்து என் முதுகில் தட்டினார்.

"மத்த பிள்ளைய ஊதுனதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துட்டு. ஒன் சத்தம் மட்டும் தனியாக் கேட்டுதுட்டி."

"ஆமா," என்றாள் அம்மா. "வீட்டுல ஊதுறதவிட அங்கதான் நல்லா இருந்துச்சி."