டிக் மெஷினும் பாக்கியத்தின் சாவியும்

1. கடையில் ஒரு படம்

வெல்டிங் மெஷின் வாங்க வருகிறவர்கள் ஆம்பியர் கேட்பார்கள், விலை கேட்பார்கள், வாரண்டி கேட்பார்கள். மேனுவலைக் கேட்டு, அதை உட்கார்ந்து படிக்க நாற்காலியும் கேட்ட முதல் ஆள் நான்தான் என்று பெரம்பலூர்க் கடைக்காரர் சொன்னார். பாராட்டாகச் சொல்லவில்லை.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் முப்பத்தொரு வருடம் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். வெல்டர்கள் ஒட்டிய ஜாயின்டை லென்ஸ் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்து, பக்கத்திலேயே சாக்பீஸால் 'ஓகே' அல்லது 'ரிஜெக்ட்' என்று எழுதுவது வேலை. வெல்டிங்கைப் பற்றி எல்லாம் தெரியும். ஆனால் ஒரு ஜாயின்டைக்கூட என் கையால் ஒட்டியதில்லை. ஓய்வுக்குப் பிறகு வீட்டுப் பின்புறம் காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையைச் சிறிய ஒர்க்‌ஷாப் ஆக்கி, டிக் வெல்டிங் பழக வேண்டும் என்பது ஆசை. டிக் என்பது டங்ஸ்டன் முனையில் ஆர்க் என்னும் மின்நெருப்பு பிடித்து, ஆர்கான் வாயுவின் மறைவில், இரும்பை நிதானமாக உருக்கும் முறை. பொறி பறக்காது. பொறுமைசாலிகளுக்கான வெல்டிங். என்னைப் பொறுமைசாலி என்று வேறு யாரும் சொன்னதில்லை.

கடைக்காரர் ஒரு பெரிய பெட்டியைத் தட்டிக் காட்டினார். "சார், ஹாபிக்குத்தானே? இந்த ஏசி-டிசி மாடலை எடுத்துக்குங்க. இரும்பு, எஸ்.எஸ்., அலுமினியம் எல்லாம் ஒட்டலாம். ஹெச்.எஃப். ஸ்டார்ட் இருக்கு. பட்டனை அமுக்குனா தொடாமலே ஆர்க் புடிச்சுக்கும். கை நடுங்குறவங்களுக்கு ரொம்ப வசதி."

"எனக்குக் கை நடுங்கல."

"பொதுவாச் சொன்னேன் சார்."

என்னிடம் பதினேழு கேள்விகள் இருந்தன. முழு ஆம்பியரில் எத்தனை நிமிடம் ஓடும், வோல்டேஜ் குறைந்தால் எதுவரை தாங்கும், கையில் பிடிக்கும் வெல்டிங் டார்ச்சின் கேபிள் எத்தனை மீட்டர், உதிரி பாகம் எங்கே கிடைக்கும். ஒன்பதாவது கேள்விக்கு அவர் டீ சொல்லிவிட்டார். டீ வருவதற்குள் மேனுவலைப் புரட்டினேன். எச்சரிக்கைகள் இருக்கும் முதல் பக்கங்களை யாரும் படிப்பதில்லை. அங்கே ஒரு சின்னப் படம் இருந்தது. ஒரு மனித உருவம், மார்பில் இதயம், மேலே குறுக்குக் கோடு. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெல்டிங் நடக்கும் இடத்துக்கு அருகே வரக் கூடாது என்று கீழே எழுதியிருந்தது.

ஆலையில் இதே படத்தை எத்தனையோ மெஷின்களின் பக்கவாட்டில் பார்த்திருக்கிறேன். அப்போது அது வெறும் ஒரு படம்.

நிமிர்ந்து வாசலைப் பார்த்தேன். கடை பெஞ்சில் என் மனைவி பாக்கியம் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என் கொட்டாயில வந்து ஒக்காரப் போறது எதுன்னு நான் பாக்க வேணாமா?" என்று கூடவே வந்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன், திருச்சி ஆஸ்பத்திரியில், அவளுடைய இடது தோள்பட்டைக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு பேஸ்மேக்கர் வைத்தார்கள். அவள் நெஞ்சு துடிக்க மறந்தால் அது ஞாபகப்படுத்தும்.

"வோல்டேஜ் பத்தாது. யோசிச்சுட்டு வரேன்" என்று எழுந்துவிட்டேன்.

பஸ்ஸில் பாக்கியம் கேட்டாள். "ஏங்க, புடிக்கலியா?"

"வோல்டேஜ் ஒத்து வரல."

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான், யோசிச்சுச் சொல்றோம்னு எந்திரிச்சுப் போனீங்க."

2. மஜீத் சொன்ன யோசனை

காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், "எனக்கா? எனக்கு ஒண்ணும் ஆவாது, நீங்க வாங்குங்க" என்பாள். சொன்னதை நிரூபிக்க நேராகக் கொட்டகைக்குள் வந்தும் நிற்பாள்.

அடுத்த வாரம் மஜீத் வந்தார். எங்கள் ஆலையில் வெல்டராக இருந்தவர், இப்போது பெரம்பலூரில் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய ஜாயின்ட்களை நான் ரிஜெக்ட் செய்தது போல வேறு யாருடையதையும் செய்ததில்லை. அப்படியும் ரம்ஜானுக்குப் பிரியாணி வருவது நின்றதில்லை.

"என்ன சார், நீங்க ஒட்டப் போறீங்களாமே? மாஷா அல்லாஹ்! சாக்பீஸை எங்கிட்டக் குடுத்துடுங்க. மொத நாள் நான்தான் வந்து செக் பண்ணுவேன்."

குரலைத் தாழ்த்தி அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மஜீத் சட்டென்று தீர்ப்புச் சொன்னார். "அவ்வளவுதானே? மெஷினைக் கொட்டாயோட கடைசியில போடுங்க. அக்காவ அந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்லிடுங்க. முடிஞ்சுது."

"நான் சொல்லி அவ எதைக் கேட்டிருக்கா?"

ஆனால் பிரச்சினை அவள் பிடிவாதம் மட்டும் அல்ல. பாக்கியம் இதுவரை என் பெயரைச் சொன்னதில்லை. அவளுடைய அம்மா, அக்கா யாரும் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கணவர் பெயர் கேட்டால்கூட என் பக்கம் கையைக் காட்டுவாள். கூப்பிட அவளிடம் இருப்பது ஒரே ஒரு 'ஏங்க'. அது பத்தடிக்கு மேல் போகாது. ஆலையில் அரவை மில்லுக்குப் பக்கத்தில் நின்று நின்று என் காதும் பாதி போய்விட்டது. அதனால் சாப்பாடோ, போனோ, வாசலில் ஆளோ, எதுவானாலும் அவள் கிட்டே வந்து தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவாள். வராதே என்று சொன்னால், கூப்பிடாதே என்று சொன்ன மாதிரி.

இதை மஜீத்துக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, பாக்கியம் இரண்டு டம்ளர் டீயுடன் பின்னால் நின்றிருந்தாள். எனக்குத்தான் கேட்கவில்லை.

"எதுக்கு நான் வரக் கூடாது?"

மஜீத் டீயை வாங்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகையின் கூரை ஓடுகளை ரசிக்க ஆரம்பித்தார். நான் படத்தைப் பற்றிச் சொன்னேன். ஹெச்.எஃப். என்னும் ஹை ஃப்ரீக்வென்சி மின்சாரம் என்றால் என்ன, அது எப்படிக் காற்றில் பரவும் என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் வுடுங்க. என் நெஞ்சுல இருக்குற மெஷினால உங்க மெஷினை வாங்கலியா?"

"அப்படி இல்ல..."

"அப்படித்தான். நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவாங்க? ரிட்டயரான மனுசன் ஆசைப்பட்டாரு, பொண்டாட்டி சீக்குக்காரி, அதான் சும்மா ஒக்காந்திருக்காருன்னு. எனக்கு அந்தப் பேரு வேணாம். அடுத்த வாரம் செக்கப்புக்குப் போறோம்ல? அங்க கேளுங்க. உங்க பதினேழு கேள்வியையும் அவங்கக்கிட்டக் கேளுங்க."

3. திருச்சியில்

பேஸ்மேக்கரைச் சோதிக்கும் அறையில் இளவயதுப் பெண் ஒருவர் இருந்தார். பாக்கியத்தின் தோள்மேல் ஒரு கருவியை வைத்து, எதிரே திரையில் அலைகளைப் பார்த்துக்கொண்டே என் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். ஆறாவது கேள்வியில் திரும்பிப் பார்த்தார்.

"சார், நீங்க டாக்டருங்களா?"

"இல்லம்மா. இன்ஸ்பெக்டர்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாக்கியம், "போலீஸ் இல்ல கண்ணு. இரும்புக்கு இன்ஸ்பெக்டரு" என்றாள்.

அந்தப் பெண் பேஸ்மேக்கர் கம்பெனியின் குறிப்பைப் பார்த்து, டாக்டரிடமும் கேட்டுவிட்டு வந்து சொன்னார். ஹெச்.எஃப். ஸ்டார்ட் வேண்டவே வேண்டாம். இன்ன ஆம்பியருக்கு மேல் போகக் கூடாது. ஆர்க் எரியும்போது அம்மா இன்ன தூரத்துக்குள் வரக் கூடாது. வெல்டிங் கேபிளைச் சுருட்டிப் போடாமல், இரண்டு கேபிளையும் ஒட்டினாற்போல நீளமாக விடவேண்டும். தலை சுற்றினால் உடனே அந்த இடத்தை விட்டு நகர வேண்டும்.

அந்த ஆம்பியரும் தூரமும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் இங்கே எழுதமாட்டேன். ஒவ்வொரு கருவிக்கும் அது மாறும். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தக் கருவி இருந்தால், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். என் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

4. மெஷின்

ஹெச்.எஃப். இல்லையென்றால் லிஃப்ட் ஆர்க். டங்ஸ்டன் முனையால் இரும்பைத் தொட்டு மெல்லத் தூக்கினால் நெருப்பு பிடிக்கும். பழகும்வரை முனை ஒட்டிக்கொள்ளும், அதைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் காற்றில் எதுவும் அப்படிப் பரவாது. இந்த முறையில் சாதாரணமாகக் கிடைப்பது டிசி மெஷின். அதில் இரும்பும், எஸ்.எஸ். எனும் எவர்சில்வரும் ஒட்டலாம். அலுமினியத்துக்கு ஏசி வேண்டும், ஏசிக்கு ஹெச்.எஃப். வேண்டும். அலுமினியத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

"அலுமினியத்துல என்ன செய்யணும்னு இருந்தீங்க?" என்றாள் பாக்கியம்.

"ஒரு ஏணி."

"ஏறி வுழுறதுக்கா? நல்லதாப் போச்சு."

கடைக்காரருக்குத்தான் வருத்தம். "சார், சின்ன மாடலுங்க. பின்னாடி ஃபீல் பண்ணுவீங்க" என்றார். நூற்றறுபது ஆம்பியர் டிசி மெஷினைத்தான் எடுத்தேன். பணம் கட்டுவதற்கு முன், ஒரு மாலை வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டவேண்டும் என்று நிபந்தனை போட்டேன். எங்கள் தெருவில் மாலையானால் எல்லா வீட்டிலும் போர் மோட்டார் ஓடும், விளக்கு மங்கும். காலையில் கடையில் நன்றாக ஓடும் மெஷின் அந்த நேரத்தில் மூச்சு வாங்கும். பெட்டியில் அச்சடித்த ஆம்பியரை நம்பாதீர்கள். உங்கள் வீட்டுப் பிளக்கில், உங்கள் ஊரின் மோசமான நேரத்தில், என்ன கிடைக்கிறதோ அதுதான் உங்கள் ஆம்பியர். மஜீத் வந்து ஓட்டிப் பார்த்தார். எங்களுக்கு வேண்டிய குறைந்த ஆம்பியரில் நெருப்பு ஆடாமல் நின்றது.

5. சாவி

தூரத்துக்குக் கொட்டகையின் முன்னால் செங்கல் வரிசை பதித்தேன். டாக்டர் சொன்ன தூரத்தைப் போல இரண்டு மடங்கு. ஆர்க் எரியும்போது பாக்கியம் அதைத் தாண்டக் கூடாது. சரி, அவள் என்னைக் கூப்பிடுவது எப்படி? மணி வைக்கலாம் என்றார் மஜீத். என் காதுக்கும் தலைக்கவசத்துக்கும் எந்த மணி கேட்கும்? சிவப்பு விளக்கு வைத்தால் கறுப்புக் கண்ணாடி வழியே தெரியாது. கொட்டகைக் கதவைப் பூட்டிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். உள்ளே நான் மயங்கி விழுந்தால் அவள் எப்படி வருவாள் என்று தோன்றியதும் அதையும் விட்டேன். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

பிறகு ஆலையின் வழக்கம் நினைவுக்கு வந்தது. சிமென்டாக அரைக்கும் கிளிங்கர் கட்டிகளைச் சுடும் பெரிய உருளைச் சூளை நின்றிருக்கும்போது, பழுது பார்க்க ஆள் உள்ளே இறங்குவான். இறங்குகிறவன் முதலில் மின்சார ஸ்விட்சை அணைத்து, அதற்குத் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். அவன் வெளியே வந்து திறக்கும்வரை மேனேஜர் கத்தினாலும் சூளை சுற்றாது. ஆபத்து யாருக்கோ, சாவி அவனிடம்.

எலக்ட்ரீஷியனை வரவழைத்து, மெஷினுக்குப் போகும் லைனைச் சமையலறைப் பின்கதவு வழியாகச் சுற்றிவிட்டேன். அங்கே பூட்டுப் போடக்கூடிய ஒரு மெயின் ஸ்விட்ச். பூட்டும் சாவியும் பாக்கியத்துக்கு. நான் வேலை செய்ய வேண்டுமென்றால் அவள் திறந்து ஆன் செய்ய வேண்டும். அவள் என்னிடம் வர வேண்டுமென்றால் ஆஃப் செய்து, பூட்டி, சாவியோடு வர வேண்டும்.

சாவியைக் கொடுத்தபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் ஆஃப் பண்ணுனா நிஜமாவே நின்னுடுமா?"

"நின்னுடும்."

"நீங்க கத்துனாலும்?"

"கத்துனாலும்."

சாவி அவளுடைய இடுப்புக் கொத்தில் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையிலிருந்து நான் சாவிக்காகச் சமையலறை வாசலில் நின்றேன். "இன்னைக்கு என்ன வேலை? மாத்திரை போட்டாச்சா? மணி ஒண்ணுக்குச் சாப்பாடு, ஞாபகம் இருக்கட்டும்." ஆலையில் எனக்கு மேலே இருந்த எந்த அதிகாரியும் இவ்வளவு விசாரித்ததில்லை.

6. ஒரு ஷட்டவுன்

இரண்டு மாதத்தில் கை கொஞ்சம் பழகியது. ஒரு பிற்பகல் செருப்பு ஸ்டாண்டுக்காக எஸ்.எஸ். குழாய் ஒட்டிக்கொண்டிருந்தேன். அன்று கை என் பேச்சைக் கேட்டது. உருகின உலோகம் மீன் செதில் போல வரிசையாகப் படிந்துகொண்டே வந்தது. முடிய ஒரு விரற்கடை பாக்கி. நெருப்பு அணைந்தது.

தலைக்கவசத்தைத் தூக்கினேன். மெஷின் விசிறியும் நின்றிருந்தது. செங்கல் வரிசைக்கு அந்தப் பக்கம் பாக்கியம் சாவியோடு நின்றாள். கையில் டீ இல்லை.

டார்ச்சை வைத்துவிட்டு எழுந்தேன். "என்ன ஆச்சு? தலை சுத்துதா?"

"இல்ல."

"யாராச்சும் வந்திருக்காங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு ஆஃப் பண்ணுன?"

"ரொம்ப நேரமா உள்ளேருந்து சத்தமே இல்ல. கூப்பிட்டேன், பதிலும் இல்ல. வுழுந்து கெடக்குறீங்களோன்னு..."

"டிக்குக்குச் சத்தம் வராது பாக்கியம். அது அப்படித்தான்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். சாவியை இடுப்பில் செருகினாள். பிறகு, "உள்ள வரலாமா?" என்று கேட்டாள்.

வந்தாள். முக்காலியில் உட்கார்ந்து குழாயைப் பார்த்தாள். "அழகாத்தானே இருக்கு?"

"கடைசியில பள்ளம் விழுந்துடுச்சு பாரு. நெருப்பு பட்டுன்னு நின்னா அப்படித்தான் ஆகும். இது ரிஜெக்ட்."

"திரும்ப ஒட்டுங்க. நான் போயி ஆன் பண்றேன்."

"இரு. அவசரம் இல்ல."

ஆலையில் தக்க காரணம் இல்லாமல் மெஷினை நிறுத்தியவர்களுக்கு மெமோ கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். அன்றைய ஷட்டவுனைப் போலத் தக்க காரணம் உள்ள ஒன்றை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

ஒர்க்‌ஷாப் போட நினைக்கும் தம்பிகளுக்கு, தங்கச்சிகளுக்கு. ஆம்பியர், வோல்டேஜ், கேஸ் எல்லாம் பாருங்கள். அதற்கு முன், அந்த இடத்துக்குள் உங்களைத் தேடி வரப்போகிறவர் யார் என்று பாருங்கள். அவருக்கு எது ஆகாதோ அதை வாங்காதீர்கள். அவரை வர வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அவர் கை எட்டும் இடத்தில் ஸ்விட்சை வையுங்கள்.