சலவைக்கடை சாட்சி

அந்தத் தெருவில் சலவைக்கடை அக்காவிடம் வாய் கொடுத்துத் தப்பித்தவர் யாரும் கிடையாது. கறை போகவில்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால், "இந்தக் கறையோடயே இத்தனை நாளா ஊரைச் சுத்தியிருக்கீங்களே, அப்பல்லாம் தெரியலையா?" என்று கேட்டு ஆளைக் கூசிப்போக வைத்துவிடுவாள். அவளுடைய கணவர் நேர் எதிர். சலவை மெஷின்களோடு முணுமுணுப்பதோடு சரி. அவர் பேசவேண்டியதையும் சேர்த்து அக்காவே பேசித் தீர்த்தாள்.

கடைச் சுவரில் ஒரு டிவி. எப்போது பார்த்தாலும் அதில் ஒரே ரகளைதான்: அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வந்தவர்களை என்ன செய்வது? கோட்டுப் போட்ட ஒருவர், ஊரில் நடக்கிற குற்றமெல்லாம் அவர்களால்தான் என்பார். இன்னொருவர் இல்லவே இல்லை என்று மேஜையைத் தட்டுவார். துணி வாங்க வருகிறவர்களும் ஆளுக்கொரு கட்சி. அக்கா மட்டும் எல்லோருக்கும் ஒரே தீர்ப்பு வைத்திருந்தாள். "உழைக்கிறவன விட்டுடு. திருடறவன, வெட்டறவனப் பிடிச்சு அனுப்பு. இதுக்குப் போயா தொண்டை கிழியக் கத்தறாங்க?" சர்க்காரும் தன்னைப் போலத்தான் யோசிக்கும் என்று அவள் நிஜமாகவே நம்பினாள். யாரையும் சட்டென்று நம்பாதவள், இந்த ஒரு விஷயத்தில் பச்சைப் பிள்ளையாக இருந்தாள்.

ஏனென்றால் அவள் கடையிலேயே ஒருவர் இருந்தார். கடையின் துணித் திரைக்குப் பின்னால், நீராவி இஸ்திரி மேஜைக்கு முன்னால் நாளெல்லாம் நின்றுகொண்டிருப்பார். நல்ல உயரம். மேலே ஓடும் சூடான குழாயில் இடித்துக்கொள்ளாமல் இருக்கக் குனிந்து குனிந்து முதுகே கூன் விழுந்துவிட்டது. நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். எப்படி வந்தார், எந்த வழியாக வந்தார் என்று அக்கா கேட்டதில்லை. காகிதம் எதுவும் இல்லை என்பது தெரியும், அது போதும். மனைவி அலுவலகங்களில் தரை துடைக்கப் போவாள். ஒரே பெண் குழந்தை, இங்கேயே பிறந்து இங்கேயே பள்ளிக்கூடம் போகிறது.

கடைக்கென்று ஒரு ஏற்பாடு இருந்தது. கல்லா மேஜையில் ஒரு மணி. வருகிறவர்கள் ஒரு தட்டுத் தட்டுவார்கள். சீருடையில் யாராவது உள்ளே நுழைந்தால் அக்கா கை பட்டதுபோல இரண்டு தட்டுத் தட்டுவாள். நெட்டை இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பின்கதவு வழியாகச் சந்துக்குப் போய்விடுவார். வேடிக்கை என்னவென்றால், அப்படி வருகிற போலீஸ்காரர்கள் முக்கால்வாசிப் பேர் தங்கள் சட்டையைத் தேய்க்கக் கொடுக்கத்தான் வருவார்கள். "யாரு அக்கா தேய்க்கறது? மடிப்பு சும்மா கத்தி மாதிரி நிக்குது!" என்று இன்ஸ்பெக்டர் ஒருவர் வாய்விட்டுப் புகழ்வார். தேய்த்தவர் அந்நேரம் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருப்பார்.

ஒரு நாள் மத்தியானம் அதே சந்தில், பூக்கடைப் பெரியவரை யாரோ மண்டையில் அடித்துப் போட்டுவிட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். மெஷினில் சேர்ந்த பஞ்சைக் கொட்டப் போன நெட்டை எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். பெரியவரைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். துவைத்து வைத்த துண்டுகளெல்லாம் ரத்தம்.

"யாருப்பா? பாத்தியா?" அக்கா ஒரு துண்டை எடுத்துப் பெரியவரின் மண்டையில் அழுத்திக்கொண்டே கேட்டாள்.

"முகமூடியக் கழட்டினான்க்கா, பாத்தேன். பல் டாக்டர் வீட்டுப் பையன். நம்மகிட்டத்தான் துணி குடுப்பாங்க."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபோனை எடுத்தாள். கணவர் அன்றைக்கென்று வாயைத் திறந்தார். "வேண்டாம். வம்பை விலைக்கு வாங்காத. பெரியவர ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம், அதோட விடு."

"எதை விடறது? நாளைக்கு என் மண்டையில போடுவான், அதையும் விடுவீங்களா?"

வந்தவர் அந்த மடிப்புப் புகழ் இன்ஸ்பெக்டர்தான். அக்கா தான் கேட்டதை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அவர் எழுதுவதை நிறுத்தினார். "நீங்க பாக்கலையேக்கா. பாத்தவர் யாரோ அவர்தான் சொல்லணும். இல்லேன்னா ஒண்ணும் நிக்காது."

மணி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அக்கா அதைத் தொடவில்லை. நல்லது செய்தவரை எதற்கு ஒளித்துவைக்க வேண்டும்? திரைப் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டாள். "தம்பி, இங்க வா! வந்து பாத்ததச் சொல்லு!"

நெட்டை திரையை விலக்கிக்கொண்டு வந்தார். கூப்பிட்டது அக்கா, அதனால் வந்தார். அவ்வளவு வருஷத்தில் கடையின் முன்பக்கத்தில் அவர் சீருடைக்கு எதிரில் நின்றது அன்றுதான். பார்த்ததைச் சுத்தமாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் சந்தோஷமாக எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் அடையாள அட்டை கேட்டார். நெட்டை அக்காவைப் பார்த்தார். அக்கா, "காகிதம் எதுவும் இல்லீங்க, ஆனா இவர் நம்மாளு, நான் பொறுப்பு," என்றாள். இன்ஸ்பெக்டரின் முகம் தொங்கிப்போயிற்று. "ஏன்க்கா என்கிட்ட இதச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகாவது புரிந்திருக்க வேண்டாமா? புரியவில்லை. பையனைப் பிடித்துவிட்டார்கள், அடையாளம் காட்ட வரச் சொல்கிறார்கள் என்றதும் அக்கா கடையைப் பூட்டிவிட்டு நெட்டையைத் தானே கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில் அவர் ஒரே ஒரு தடவை கேட்டார்: "ஒண்ணும் ஆகாதுல்லக்கா?"

"குத்தம் பண்ணவன் நடுங்கணும். நீ எதுக்குப்பா நடுங்கற?"

ஸ்டேஷனில் அவரை ஒரு அறைக்குள் கூட்டிப் போனார்கள். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பையனின் அப்பாவும் வக்கீலும் வந்தார்கள், கொஞ்ச நேரத்தில் பையனை ஜாமீனில் கூட்டிக்கொண்டு அவள் முன்னாலேயே நடந்து போனார்கள். நெட்டை வரவில்லை. கேட்டதற்கு, குடியேற்ற அலுவலகத்து வண்டி பின்பக்கமாக வந்துபோய்விட்டது என்றார்கள். அக்கா அங்கேயே கத்தினாள், அழுதாள், இன்ஸ்பெக்டரைக் கூப்பிடச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் லீவில் இருந்தார்.

அவள் சும்மா இருக்கவில்லை. வக்கீல்களைப் பார்த்தாள். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். "அவர் சாட்சிங்க, திருடன் இல்ல," என்று ஜன்னலுக்கு ஜன்னல் சொன்னாள். அனுமதியில்லாமல் வந்ததே குற்றம்தானேம்மா என்று ஒருத்தி பொறுமையாக விளக்கினாள். கோபப்பட்டிருந்தால்கூடத் திட்டியிருக்கலாம், அந்தப் பொறுமையை என்ன செய்வது? மாதம் முடிவதற்குள் நெட்டையை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

அவருடைய செருப்பையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துப்போக மனைவி வந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். அவள் அழவில்லை. "நீங்க கூப்பிட்டா எங்கன்னு கேக்காம வருவாருக்கா. அந்த நம்பிக்கைய நீங்க சம்பாதிச்சு வெச்சிருந்தீங்க." கையை உருவிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள் என்று கேள்வி. குழந்தையைப் பள்ளிக்கூடத்திலும் காணோம்.

தெருவுக்கு வேறு கதை போய்ச் சேர்ந்திருந்தது. "பூக்கடைக்காரர அடிச்சவன நாடு கடத்திட்டாங்களாமே, இப்பத்தான் நிம்மதி!" என்றார்கள். டிவியிலும் அந்த மாதம் அனுப்பப்பட்டவர்களை மொத்தமாகக் குற்றவாளிகள் என்றுதான் சொன்னார்கள். அடிச்சவன் இங்கதான் இருக்கான், அனுப்பினது பாத்தவர என்று அக்கா ஒவ்வொருவரிடமும் சண்டைக்குப் போனாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். "ரெண்டுல எது போனா என்னக்கா, ஒண்ணு கொறஞ்சுது!" தான் சொல்லிக்கொண்டிருந்த தீர்ப்பை நினைத்தபோது அவளுக்கே தன் வாயில் அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

சில வாரம் கழித்துப் பல் டாக்டர் வீட்டு அம்மா கடைக்கு வந்தார். மெலிந்துபோயிருந்தார். மேஜைமேல் ஒரு புதுச் சட்டையையும் கறுப்புக் கோட்டையும் வைத்தார்.

"பையன் வியாழக்கிழமை கோர்ட்டுக்குப் போகணும். பாத்தா நல்ல புள்ளையாத் தெரியணும்னு வக்கீல் சொல்றாரு. எப்படியும் கேஸ் நிக்காதாம். சாட்சிக்காரன் யாரோ கள்ளத்தனமா வந்தவனாம், அவன அனுப்பிட்டாங்களாம். ஏதோ நாங்க பண்ண புண்ணியம்." குரலைத் தாழ்த்தினார். "உள்ள நெட்டையா ஒருத்தர் இருப்பாரே, அவர்கிட்டயே குடுங்க. அவர் தேய்ச்சாத்தான் மடிப்பு நிக்கும்."

"அவரைத்தாம்மா அனுப்பினாங்க."

அந்த அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் வெளிறியது. அக்கா காத்துக்கொண்டிருந்தாள். ஒரு 'அடடா' போதும், ஒரு 'ஐயோ பாவம்' போதும் என்றிருந்தது அவளுக்கு. அந்த அம்மா குனிந்து கோட்டின் கழுத்துப் பட்டையை நீவிவிட்டார். நீவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப... வியாழக்கிழமைக்குள்ள வேற யாராவது தேய்ச்சுக் குடுத்துடுவாங்களா?"